டிஎஸ்எல்ஆர் கேமராவுக்கு ‘பேட்டரி கிரிப்’ தேவையா? மாட்டினால் என்ன மாறும், என்ன மாறாது? – முழு விவரம்

கல்யாண மண்டபம். முதல் நாள் வரவேற்பில் இருந்து கேமரா ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் ஐயர் ‘கெட்டிமேளம்’ என்று கை காட்டும் அந்த நேரம் பார்த்து, கேமராவில் பேட்டரி சின்னம் கண் சிமிட்டுகிறது. பையைத் தேடி, பேட்டரியை எடுத்து, மாற்றிவிட்டு நிமிர்ந்தால் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது. ‘இன்னொரு தடவை கட்டுங்க’ என்று மாப்பிள்ளையிடம் சொல்ல முடியாது.

இப்படி ஒரு தடவை மாட்டிக்கொண்ட பிறகுதான் பலரும் ‘பேட்டரி கிரிப்’ வாங்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். இன்னொரு பக்கம், ‘அதை மாட்டினா கேமரா பெருசா, கெத்தா தெரியும்’ என்பதற்காகவே ஆன்லைனில் ஆர்டர் போடுபவர்களும் உண்டு. பார்சல் வந்த பிறகுதான் தெரிகிறது, பாதி பட்டன் வேலையே செய்யவில்லை என்பது.

அந்தப் பணம் வீணாகாமல் இருக்க, வாங்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இதோ.

பேட்டரி கிரிப் என்றால் என்ன?

கேமராவின் அடிப்பகுதியில் மாட்டும் கூடுதல் பிடிதான் இது. வெர்டிகல் கிரிப், பேட்டரி கிரிப் என்று இரண்டு பெயர்களில் சொன்னாலும் பொருள் ஒன்றுதான். தமிழில் ‘செங்குத்துப் பிடி’ என்று சொல்லலாம்.

இது இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, வழக்கமாக ஒரு பேட்டரி போடும் இடத்தில் இரண்டு பேட்டரி போட வழி செய்கிறது. இரண்டு, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் படம் எடுக்கும்போது, விரலுக்கு எட்டும் இடத்தில் இன்னொரு ஷட்டர் பட்டனைத் தருகிறது.

விலை உயர்ந்த தொழில்முறை கேமராக்களில் இந்தப் பிடி உடம்போடு சேர்ந்தே வரும். 1999ல் வந்த நிகான் டி1, 2001ல் வந்த கேனன் இ.ஓ.எஸ். 1டி இரண்டும் அப்படித்தான் இருந்தன. சின்ன கேமராக்களில் எடையும் விலையும் குறைய வேண்டும் என்பதற்காக, தேவைப்படுபவர்கள் மட்டும் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருளாக இது விற்கப்படுகிறது.

சின்ன கேமராவுக்கு இது ஏன் தேவைப்படுகிறது?

கேனன் 350டி என்ற கேமரா 2005ல் வந்தது. பேட்டரி இல்லாமல் அதன் எடை சுமார் 485 கிராம். தூக்கிச் செல்லச் சுலபம். ஆனால் கொஞ்சம் பெரிய கை உள்ளவர்கள் அதைப் பிடித்தால், சுண்டு விரலுக்கு இடமே இருக்காது. அது கேமராவுக்குக் கீழே அந்தரத்தில் தொங்கும். முழு எடையையும் மற்ற விரல்கள் தாங்க வேண்டி வரும். பத்து நிமிடம் என்றால் தெரியாது, ஐந்து மணி நேரம் என்றால் மணிக்கட்டு சொல்லிவிடும். அந்த கேமராவுக்கே ‘பிஜி-இ3’ என்ற கிரிப்பை கேனன் தனியாக விற்றது. மாட்டியதும் சுண்டு விரலுக்கும் பிடிமானம் கிடைத்துவிடும்.

அடுத்தது முழங்கை. கிரிப் இல்லாத கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பாருங்கள். ஷட்டர் பட்டன் மேலே போய்விடும், கூடவே வலது முழங்கையும் தோளுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் கை சீக்கிரம் நடுங்கும். கூட்டத்தில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் முகத்திலேயே முழங்கை இடிக்கும். கிரிப் மாட்டியிருந்தால் இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியே இருக்கும், கேமராவும் ஆடாது.

மூன்றாவது, லென்ஸ் எடை. கேனனின் 55-250 எம்.எம். எஸ்.டி.எம். லென்ஸ் 375 கிராம்தான். அதற்குக் கிரிப் பெரிதாகத் தேவைப்படாது. அதே கேமராவில் 70-200 எம்.எம். எஃப் 2.8 லென்ஸின் இரண்டாம் பதிப்பை மாட்டினால், அது மட்டுமே 1,490 கிராம். முன்பக்கம் குடை சாய்வதுபோல் இழுக்கும். அடியில் கொஞ்சம் எடை கூடினால் பிடிப்பதற்கு எவ்வளவோ தேவலை.

எப்படி மாட்டுவது?

நம்ம ஊரில் பழைய கேமரா கடைகளில் இன்றும் கிடைக்கும் கேனன் 700டி-யையே எடுத்துக்கொள்வோம். 2010ல் வந்த 550டி, அடுத்து வந்த 600டி, 650டி, 2013ல் வந்த 700டி ஆகிய நான்குக்கும் ‘பிஜி-இ8’ என்ற ஒரே கிரிப்தான்.

1. கேமராவை ஆஃப் செய்யுங்கள். டிரைபாட் பிளேட் ஒட்டியிருந்தால் அதை முதலில் கழற்றிவிடுங்கள்.

2. அடியில் உள்ள பேட்டரி கதவைத் திறந்து, உள்ளே இருக்கும் பேட்டரியை எடுங்கள்.

3. அந்தக் கதவையே கழற்றுங்கள். பயப்பட வேண்டாம், உடையாது. கீல் பக்கத்தில் உள்ள சின்ன நெம்பைத் தள்ளினால் தனியாக வந்துவிடும். அதைத் தொலைக்காமல் வைக்கக் கிரிப்பிலேயே ஓர் இடம் இருக்கிறது.

4. கிரிப்பில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை, பேட்டரி இருந்த பள்ளத்துக்குள் நேராக இறக்குங்கள். சாய்த்துத் திணிக்கக் கூடாது.

5. கிரிப்பில் உள்ள சக்கரத்தைத் திருப்பினால், அதன் திருகு கேமராவின் டிரைபாட் துளைக்குள் ஏறும். இடைவெளி இல்லாமல் இறுக்குங்கள். இடுக்கி கொண்டு முறுக்குகிற அளவுக்கு வேண்டாம்.

6. பேட்டரி தட்டை வெளியே இழுத்து, பேட்டரிகளைப் போட்டு, ‘கிளிக்’ சத்தம் வரும் வரை உள்ளே தள்ளுங்கள். ஒரே ஒரு பேட்டரி போட்டாலும் வேலை செய்யும்.

அவ்வளவுதான். கேமராவின் டிரைபாட் துளையை கிரிப் பிடித்துக்கொண்டாலும், கிரிப்பின் அடியில் இன்னொரு துளை இருக்கும்.

எப்படிப் பிடிப்பது?

மாட்டிவிட்டுப் பலரும் தப்பு செய்யும் இடம் இது. செங்குத்துப் படத்துக்கு, கேமராவின் அடிப்பாகம் உங்கள் வலது கைப் பக்கம் வருமாறு திருப்ப வேண்டும். வலது கை கிரிப்பைப் பிடிக்கும். இடது உள்ளங்கை, லென்ஸுக்கு அடியில் தட்டு ஏந்துவதுபோல் தாங்கும். இரண்டு முழங்கையும் உடம்போடு ஒட்டி இருக்கட்டும்.

கிரிப்பில் ஷட்டர் பட்டனோடு, ஷட்டர் வேகத்தை மாற்றும் சக்கரம், ஃபோகஸ் புள்ளியைத் தேர்வு செய்யும் பட்டன், ஒளி அளவைப் பூட்டும் பட்டன் எல்லாம் இருக்கும். பக்கத்திலேயே ஒரு ஆன்–ஆஃப் சுவிட்சும் உண்டு. படுக்கை வாட்டில் எடுக்கும்போது அதை ஆஃப் செய்து வையுங்கள். இல்லைன்னா உள்ளங்கை பட்டே ஷட்டர் அமுங்கும்.

இன்னொரு விஷயம். செங்குத்தாகத் திருப்பினால் மேலே உள்ள ஃபிளாஷ் இடது பக்கம் போய்விடும். நேராக அடித்தால் முகத்தின் வலது பக்கச் சுவரில் கறுப்பாக நிழல் விழும். ஃபிளாஷ் தலையைத் திருப்பி, கூரையிலோ வெள்ளைச் சுவரிலோ பட்டு வருமாறு அடித்தால் நிழல் மென்மையாகும்.

கூடுதலாக எத்தனை படம் எடுக்கலாம்?

கேமரா பேட்டரிக்கு ‘சிபா’ என்ற ஜப்பானிய கேமரா தயாரிப்பாளர் சங்கத்தின் அளவுமுறை இருக்கிறது. பாதிப் படங்களுக்கு ஃபிளாஷ் பயன்படுத்தினால் எத்தனை படம் வரும் என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கில் 700டி-யின் ‘எல்பி-இ8’ பேட்டரி ஒன்றுக்குச் சுமார் 440 படம். இரண்டு போட்டால் சுமார் 880. ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் இன்னும் கூடும். திரையைப் பார்த்தே எடுத்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

இதே கிரிப்பில் இன்னொரு வசதியும் உண்டு. இன்னொரு தட்டை மாட்டி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் டபுள் ஏ செல் ஆறு போட்டும் ஓட்டலாம். ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் செல் ஒன்று 1.2 வோல்ட். ஆறும் சேர்ந்தால் 7.2 வோல்ட். எல்பி-இ8 பேட்டரியும் அதே 7.2 வோல்ட்தான். மலைக்கிராமத் திருவிழாவில் சார்ஜ் போட வழியில்லாமல் நிற்கும்போது, பெட்டிக்கடையில் கிடைக்கும் அல்கலைன் செல்லே காப்பாற்றும். ஆனால் பழைய செல்லையும் புதுச் செல்லையும் கலந்து போடக் கூடாது. ஆறும் ஒரே பிராண்டாக இருக்க வேண்டும்.

கிரிப்புக்குள் வைத்தே சார்ஜ் செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த பேட்டரி ஒன்று முழுதாக ஏறச் சுமார் 2 மணி நேரம். சார்ஜர் ஒன்றுதான் என்றால் இரண்டுக்கும் 4 மணி நேரம். இரவு படுக்கும் முன் ஒன்றைப் போட்டுவிட்டு மறந்து தூங்கினால், காலையில் பாதி பலம்தான் கையில் இருக்கும்.

கிரிப் மாட்டினால் என்னவெல்லாம் மாறாது?

படத்தின் தரம் மாறாது. சென்சார் அதேதான், லென்ஸ் அதேதான்.

வேகம் கூடாது. ‘கிரிப் போட்டா நொடிக்கு அதிக படம் எடுக்கும்’ என்று கடையில் சொல்வார்கள். அது சில பெரிய கேமராக்களுக்கு மட்டுமே உண்மை. நிகான் டி700 கேமராவில் எம்பி-டி10 கிரிப்பும் அதற்கேற்ற பேட்டரியும் போட்டால், நொடிக்கு 5 படம் என்பது 8 ஆகும். நிகான் டி850-ல் 7 என்பது 9 ஆகும். 700டி-யில் நொடிக்கு 5 என்றால், கிரிப் மாட்டினாலும் 5தான்.

கை நடுக்கம் மாயமாக மறையாது. பிடிமானம் கூடும், அவ்வளவே. 50 எம்.எம். லென்ஸ் என்றால், இந்த கேமராவின் சின்ன சென்சாருக்கு 1.6 மடங்கு சேர்த்து 80 என்று கணக்கு. ஷட்டர் வேகம் நொடியில் 80ல் ஒரு பங்குக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும் பழைய விதி, கிரிப் இருந்தாலும் பொருந்தும்.

ரீல்ஸ் எடுப்பவர்களுக்கு ஒரு தகவல். செங்குத்து வீடியோவுக்குப் பிடிக்க வசதியாக இருக்கும். ஆனால் 700டி-யில் வீடியோவைத் தொடங்கும் பட்டன் கேமராவில்தான் இருக்கிறது, கிரிப்பில் இல்லை.

எல்லா கேமராவுக்கும் கிரிப் கிடைக்குமா?

இங்கேதான் பலரும் பணத்தை விடுகிறார்கள். ஆன்லைனில் தேடினால் கிட்டத்தட்ட எல்லா மாடலுக்கும் கிரிப் இருப்பதுபோல் தெரியும். ஆனால் பல சின்ன கேமராக்களுக்கு, கேமராவைத் தயாரித்த நிறுவனமே கிரிப் விற்றதில்லை. நிகானின் டி3000 வரிசை, டி5000 வரிசை, கேனனின் 200டி எல்லாம் இதில் வரும். நிகானில் டி90, டி7000, டி7100, டி7200 மாடல்களுக்கு ஒரிஜினல் கிரிப் உண்டு. ஆனால் 2017ல் வந்த டி7500-ல் அந்த வசதியையே நிகான் எடுத்துவிட்டது.

இத்தகைய கேமராக்களுக்கு வேறு நிறுவனங்கள் கிரிப் செய்து விற்கின்றன. கிரிப்போடு பேசுவதற்கான மின் இணைப்பு கேமராவில் இல்லாததால், அவர்கள் ஒரு சுற்று வழியைப் பிடிக்கிறார்கள். கிரிப்பில் இருந்து ஒரு சின்ன வயர் வந்து, கேமராவின் பக்கத்தில் உள்ள ரிமோட் துளையில் செருகிக்கொள்ளும். சில மாடல்களில் வயருக்குப் பதில் டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிர்.

இதன் பொருள் என்ன? ஷட்டர் பட்டன் மட்டும்தான் வேலை செய்யும். அமைப்பை மாற்றும் சக்கரம், ஃபோகஸ் பட்டன் எதுவும் வேலை செய்யாது. அகச்சிவப்பு வகை என்றால், கேமராவை ரிமோட் நிலைக்கு மாற்றி வைத்தால்தான் ஷட்டரே இயங்கும். கூட்டத்தில் வயர் எங்காவது சிக்கிக் கழன்றால், அதுவும் போச்சு.

மெமரி கார்டு எங்கே இருக்கிறது, பார்த்தீர்களா?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 700டி-யில் மெமரி கார்டு வலது பக்கத்தில் தனிக் கதவுக்குள் இருக்கும். கிரிப் மாட்டினாலும் பிரச்சினை இல்லை. ஆனால் 1300டி, 1500டி, 200டி போன்ற கேமராக்களில் கார்டும் பேட்டரியும் அடியில் ஒரே கதவுக்குள் இருக்கின்றன. அங்கே கிரிப்பை மாட்டினால் கார்டு உள்ளே அடைபட்டுவிடும். கார்டு நிறைந்துவிட்டால், திருகைக் கழற்றி, வயரைப் பிடுங்கி, கிரிப்பையே எடுத்தால்தான் மாற்ற முடியும்.

பேட்டரி மாற்றும் நேரத்தை மிச்சம் பிடிக்கக் கிரிப் வாங்கி, கார்டு மாற்றும்போது அதைவிட அதிக நேரத்தை விடுவது என்ன கணக்கு? ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், காலியான பெரிய கார்டோடு வேலையைத் தொடங்குங்கள். படங்களை யு.எஸ்.பி. கேபிள் வழியாக இறக்கிக்கொள்ளலாம்.

மாட்டிய பிறகு வேலை செய்யவில்லையா?

கேமரா உயிர் பெறவில்லை என்றால், முதலில் பேட்டரி தட்டைப் பாருங்கள். முழுதாக உள்ளே போகாமல் இருந்தால் மின்சாரம் வராது. அடுத்து, இறுக்கும் சக்கரம் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, கொம்பில் உள்ள உலோகப் புள்ளிகள். வியர்வையும் தூசியும் படிந்திருந்தால், காய்ந்த மென்மையான துணியால் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம்.

கேமரா ஓடுகிறது, கிரிப் ஷட்டர் மட்டும் அசையவில்லை என்றால், பெரும்பாலும் அந்தச் சின்ன ஆன்–ஆஃப் சுவிட்ச்தான் ஆஃபில் இருக்கும். வேலை இல்லாத நாட்களில் கிரிப்பில் இருந்து பேட்டரியை எடுத்து வைப்பது நல்லது. உப்பிய பேட்டரியைத் திணித்துப் போடவே கூடாது. தட்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும், ஆபத்தும்கூட.

விமானத்தில் போகிறவர்கள், உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கையில் எடுத்துச் செல்லும் பையில்தான் வைக்க வேண்டும். ஒப்படைக்கும் பெட்டியில் போடக் கூடாது.

யாருக்குத் தேவை? யாருக்கு வேண்டாம்?

கல்யாணம், நடன அரங்கேற்றம், ஸ்டுடியோ போர்ட்ரெயிட் என்று மணிக்கணக்கில் செங்குத்துப் படம் எடுப்பவர்களுக்கு, ஒரிஜினல் கிரிப் உள்ள கேமராவில் இது உண்மையிலேயே பலன் தரும். பெரிய கை உள்ளவர்களுக்கும், கனமான லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் அப்படியே.

சுற்றுலா, தெரு, குடும்ப விழா என்று அவ்வப்போது எடுப்பவர்களுக்கு வேண்டாம். கேமரா சின்னதாக இருக்கிறது என்பதற்காகத்தானே அதை வாங்கினோம்? கிரிப் மாட்டினால் பழைய பையில் நுழையாது, கழுத்து வலிக்கும். டிரைபாடில் வைத்தே எடுப்பவர்களுக்கும் வேண்டாம். கேமராவுக்கும் டிரைபாடுக்கும் நடுவில் இன்னொரு இணைப்பு வந்தால், லேசான ஆட்டம் சேரும்.

பேட்டரி மட்டும்தான் கவலை என்றால், அதற்குக் கிரிப் தேவையே இல்லை. உதிரி எல்பி-இ8 பேட்டரியின் எடை சுமார் 52 கிராம். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சடங்குகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் முன்கூட்டியே மாற்றிவிடலாம். புதிய கேமராக்களில் இந்தக் கவலையே குறைவு. சிபா கணக்கில் கேனன் 200டி-க்கு 650 படம், அடுத்து வந்த 200டி மார்க் 2-க்கு 1,070 படம், நிகான் டி3500-க்கு 1,550 படம் வரும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் கேமரா மாடலுக்கு, அதைத் தயாரித்த நிறுவனமே கிரிப் விற்றதா?

2. வேறு நிறுவனக் கிரிப் என்றால், வயர் இல்லாமல் வேலை செய்யுமா? எந்தெந்தப் பட்டன்கள் இயங்கும்?

3. கிரிப் மாட்டிய பிறகு மெமரி கார்டை எடுக்க முடியுமா?

4. பெட்டியில் இரண்டு வகைத் தட்டும் இருக்கிறதா? பேட்டரி தனியாக வாங்க வேண்டுமா?

5. என் கேமராவில் மாட்டிப் பார்த்து வாங்கலாமா? மாட்டிய பிறகு ஆட்டம் இருக்கிறதா?

ஐந்துக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் தைரியமாக வாங்கலாம். மூன்றாவது கேள்விக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், கிரிப்புக்கான பணத்தில் நல்ல பேட்டரி ஒன்றும் பெரிய மெமரி கார்டு ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் கேட்கும்போது கேமரா கண்ணில்தான் இருக்க வேண்டும், கை பையைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.